எலும்போடு ஒட்டவில்லை

ஜூன் 11, செவ்வாய்

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. பழுது பார்க்க வந்தவர், உள்ளே ஏதோ எரிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லாமே ஒருமுறையாவது மாற்றப்பட்டுவிட்டன.

பிற்பகல், நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியிலிருந்து தொலைபேசி. நோய்க்குறியியல் துறையில் இப்போது இருக்கும் ஷமீமா என்ற பெண்.

"மேடம், உங்க காலத்து எலும்புக் கட்டி ஸ்லைடு எல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். நாப்பது கேஸ். நோயோட பேரெல்லாம் சரியான்னு ஒரு தடவை பாத்துச் சொல்லணும்."

"எக்ஸ்ரே படம் இருக்கா?"

"பாதிக்கு இல்ல மேடம்."

"அப்ப பாதியத்தான் பார்ப்பேன்."

சிரித்தாள். "நீங்க எழுதின ரூல் இன்னும் சுவத்துல ஒட்டியிருக்கு மேடம். 'படம் பார்க்காமல் எலும்பைப் பார்க்காதே.' பெயின்ட் அடிக்கிறவன்கூட அத விட்டுட்டுத்தான் அடிக்கான்."

அது ஒன்றும் வேதவாக்கு அல்ல, வெறும் எச்சரிக்கை. அடிபட்டு ஆறிவரும் திசுவும் எலும்புப் புற்றுநோயும் நுண்ணோக்கியின் கீழே உடன்பிறந்தவை போலத் தோன்றும். இரண்டிலும் செல்கள் வெறிபிடித்தாற்போல் பெருகும், இரண்டிலும் புதிய எலும்பு உருவாகும். கட்டி எங்கே இருக்கிறது, ஓரம் எப்படி இருக்கிறது என்பதைப் படம்தான் சொல்லும். மாணவர்கள் இதை என் கொள்கை என்று நினைத்தார்கள். நானும் மறுத்ததில்லை.

ஜூன் 14, வெள்ளி

பட்டியல் வந்தது. முப்பத்தொன்றாவது: 1123/85. இருபது வருடம் பாடமாகக் காட்டப்பட்ட அதிசய நோயாளி. ஆஸ்டியோசர்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய், வயது பத்தொன்பது, கால் அகற்றப்பட்டது, மருந்து ஏற்ற அழைத்தபோது ஒரே ஊசியோடு ஊருக்கு ஓடிவிட்டான், ஆயினும் பிழைத்துக்கொண்டான்.

அவர்தான் ஆறுமுகநயினார். கயத்தாற்றில் கடை வைத்திருக்கிறார். கால் போன ஜூலை ஒன்பதாம் தேதி, ஆண்டு தவறாமல், பனையோலைக் கொட்டானில் சில்லுக் கருப்பட்டியோடு என் வாசலில் நிற்பார். "நீங்க மட்டும் அன்னைக்கிக் கண்டுபிடிக்கலேன்னா நான் எலும்பாப் போயிருப்பேன் டாக்டரம்மா." ஒரே வாக்கியம், முப்பத்தெட்டு முறை. கருப்பட்டியை என் வீட்டில் சமைக்கும் செல்லக்கனி எடுத்துப் போவாள். எனக்குச் சர்க்கரை நோய் என்று இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

அவருடைய கட்டியிலிருந்து எடுத்த சோதனைத் துண்டைப் பார்த்தது நான். அறுத்த கால் துறைக்கு வந்த வாரம் விடுப்பில் இருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

கண் மருத்துவர். இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். இன்னும் எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

நயினாரிடமிருந்து அழைப்பு. ஜூலைக்கு முன்னால் அவர் ஒருபோதும் அழைத்ததில்லை.

"டாக்டரம்மா, எம் மவளுக்கும் வந்துட்டு."

ஜூன் 22, சனி

மகளோடு வந்தார். கோமதி, இருபத்தொன்று. காவலர் தேர்வில் எழுத்துப் பரீட்சை முடித்துவிட்டாள். இந்த மாதக் கடைசியோடு பயிற்சி முடிந்து, அடுத்த மாதக் கடைசியில் ஓட்டத் தேர்வு. பயிற்சியில் முழங்கால் பிசகியதற்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு வெள்ளைக் கோட்டுக்குள் சிறிய குமிழ்கள்.

படத்தை ஜன்னலில் வைத்து, வலது கண்ணால் பார்த்தேன். எலும்பு வளரும் பருவத்தில் பலருக்கும் உண்டாகித் தானே மறையும் வடு அது. அதைத் தொடக்கூடக் கூடாது. கிண்டினால் எலும்பு பலவீனப்படும். மாதக்கணக்கில் ஓட முடியாது.

"ஒண்ணும் இல்ல. இவ ஓடலாம்" என்றேன்.

கோமதி தகப்பனைப் பார்த்தாள். "நான் சொன்னேம்லாப்பா?"

"சும்மா இரி." நயினார் என் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, மெடிக்கல் காலேஜுல பெரிய டாக்டரும் முதல்ல இதத்தான் சொன்னாவ. பொறவு, அப்பனுக்கு இருந்துச்சுன்னு என் பழைய சீட்டக் காட்டினேன். மூஞ்சி மாறிட்டு. அப்பன் புள்ளைன்னு வரும்போது சும்மா விட முடியாது, தொறந்து ஒரு துண்டு எடுத்துருவோம்னுட்டாவ. மூணாந்தேதி."

"வேண்டாம்ங்கேன்."

"நீங்க சொல்லுதது தப்பாப் போவாது. ஆனா இதுல நாம வெளையாடக் கூடாதும்மா. எனக்கு எட்டே நாள்ல வெட்டினாவ, பொழச்சேம்லா? அன்னைக்கு எங்கம்மை 'ஒரு வாரம் பொறுப்போம், எக்ஸ்ரே கவர பஸ்ஸுல விட்டுட்டேன், தேடிட்டு வாரேன்'னு அழுதா. பொறுத்திருந்தா நான் இல்ல. அவ பத்து நாள் கழிச்சி டிப்போவுல போயி கவர வாங்கிட்டு வந்தா. அதுக்குள்ள கால் போயிட்டு. இன்னும் பெட்டியிலதான் கெடக்கு அந்தக் கவரு."

"அப்பா, காலு எனக்கு" என்றாள் கோமதி. "காலு போனதுக்கு ஒங்களுக்கு டெலிபோன் பூத் குடுத்த மாதிரி எனக்கும் குடுப்பாங்கன்னு நெனச்சீங்களா? இப்ப எவன் பூத்துக்கு வாரான்?"

அவருக்கே சிரிப்பு வந்தது. பெண்ணின் நாக்கு நன்றாக இருக்கிறது.

போகும்போது நயினார் வாசலில் திரும்பினார். "வெட்டித்தாம்மா பொழச்சோம்."

அந்தப் பழைய படம் இன்னும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

ஜூன் 24, திங்கள்

செல்லக்கனி வரவில்லை. கஞ்சி வைத்தேன், அடிப்பிடித்தது.

ஷமீமா அழைத்தாள். சுற்றிவளைக்கிற பழக்கம் இல்லாத பெண். அது ஒரு தகுதி.

"மேடம், 1123/85 பாத்தேன். அந்தச் சின்னத் துண்டு பயங்கரமாத்தான் இருக்கு. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா காலை அறுத்ததுக்கு அப்புறம் எடுத்த ஸ்லைடு ஏழு இருக்கு. ஓரத்துக்குப் போகப் போக அமைதியாகுது மேடம். நடுவுல செல் கொதிக்குது; ஓரத்துல நல்ல முத்தின எலும்பு. புத்துநோய் இப்படி அடங்காது. இது அடிபட்ட தசைக்குள்ள எலும்பு உண்டாகிற சமாச்சாரம் மாதிரி இருக்கு."

"ம்."

"கால் ஸ்பெசிமன் யாரு பாத்தா மேடம்?"

"நான் லீவுல இருந்தேன்."

"சரி. ரிஜிஸ்டரத் தேடிப் பாக்கேன். அந்த வருஷத்துது கரையான் அரிச்ச அலமாரியில இருக்குன்னாங்க."

கரையான்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

ஜூன் 25, செவ்வாய்

ஓய்வூதியத்துக்காகக் கருவூலத்துக்குப் போய், நான் உயிரோடிருப்பதை நிரூபித்துவிட்டு வந்தேன். கைரேகை பதியவில்லை. மூன்றாவது விரல் ஒப்புக்கொண்டது.

ஜூன் 27, வியாழன்

பதிவேட்டின் பக்கத்தைப் படம் எடுத்து ஷமீமா அனுப்பியிருந்தாள். தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. கையெழுத்து என்னுடையது.

ஜூலை 10, 1985. "இடது தொடை. இடுப்புக்குக் கீழ் நான்கு விரற்கடையில் அகற்றப்பட்டது. நீளவாக்கில் அறுக்கப்பட்டது. கட்டி தசைக்குள் உள்ளது, எலும்போடு ஒட்டவில்லை. வெளியே சிரட்டை போன்ற கெட்டியான ஓடு, நடுவில் மென்மை. தொடை எலும்பு இயல்பு."

கடைசி வரி: "முடிவு: ஆஸ்டியோசர்கோமா. முன் அறிக்கை உறுதி செய்யப்படுகிறது."

நான் விடுப்பில் இல்லை. இந்த நோட்டில் ஒருமுறை அப்படி எழுதினேன், ஷமீமாவிடமும் சொன்னேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை. அது அங்கேயே கிடந்து என்னைப் பார்க்கட்டும்.

நடந்ததை வரிசையாக எழுதுவது நல்லது.

பம்பாயில் எலும்புக் கட்டிகளைப் படித்துவிட்டுத் தெற்கே திரும்பியிருந்த முதல் ஆள் நான். நாற்பது வயது. சோதனைத் துண்டு வந்தது. கூடவே வந்த தாளில் "தொடையில் கட்டி, நான்கு வாரம்" என்று மட்டும். கோவில் கொடைவிழாக் கபடியில் எதிராளியின் முழங்கால் தொடையில் இறங்கியதை எவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அறுவை மருத்துவர் தொலைபேசியில், படம் பஸ்ஸில் போய்விட்டது, நாளைக்கு இன்னொன்று எடுத்து அனுப்பட்டுமா என்றார். "எனக்குப் படம் தேவையில்லை" என்றேன். அந்தக் குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்தோஷமான குரல்.

எட்டாம் நாள் கால் வந்தது, ஈரத் துணியில் சுற்றி. ரம்பத்தால் நானே அறுத்தேன். இரண்டாக விரிந்தபோது சிரட்டை தெரிந்தது. உடன் யாரும் இல்லை. கண்ணில் பட்டதைப் பொய்யாக எழுத என் கைக்கு வரவில்லை. அதனால் அத்தனையும் உண்மையாக எழுதினேன். கடைசி வரியை மட்டும் வேறு ஆள் போல எழுதினேன். கால் திரும்ப வராது, உண்மை யாருக்கும் பயன்படாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சுவரில் அந்த விதியை ஒட்டினேன்.

ஜூன் 28, வெள்ளி

ஷமீமாவை அழைத்துக் கோமதியின் அறுவையைப் பற்றிச் சொன்னேன். "ரிப்போர்ட்டத் திருத்தி, ஆபரேஷன முடிவு பண்ற டாக்டருங்க போர்டுக்கு அனுப்பட்டுமா மேடம்?" என்றாள். "அப்பனுக்குப் புத்துநோய் இல்லேன்னா அந்தப் பொண்ணுக்குக் கத்தி தேவையே இல்ல."

"அனுப்பு. ஆனா அவருகிட்ட நான்தான் சொல்லணும்."

"எப்ப?"

"மூணாந்தேதிக்கு முன்னால."

"அது தெரியும் மேடம். எப்ப?"

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. போதகர் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லச் சொன்னேன். "ஒங்களுக்கு முழங்கால் நல்லாத்தான இருக்கு" என்றாள் செல்லக்கனி. இவள் எதையும் கவனிக்கமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 1, திங்கள்

கார் பிடித்துக் கயத்தாற்றுக்குப் போனேன். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் வாங்கிய தொலைபேசிக் கூண்டு இப்போது நகல் எடுக்கும் கடை. பழைய மஞ்சள் பலகையின்மேல் புதிய பலகை. விளிம்பில் மஞ்சள் இன்னும் தெரிகிறது.

"டாக்டரம்மா!" என்று நயினார் ஊன்றுகோலைத் தேடினார். "சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பம்லா? ஏளா, கலர் வாங்கிட்டு வா." குளிர்பானம் வாங்கக் கோமதியைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினார். நல்லது என்று நினைத்தேன்.

உட்கார்ந்தேன். காரில் வரும்போது தயாரித்து வைத்திருந்த முன்னுரை முழுவதும் மறந்துபோயிற்று.

"நயினார், உங்களுக்கு வந்தது புத்துநோய் இல்ல."

"அதான் போயிட்டே. முப்பத்தொம்பது வருசமாச்சே."

"போகல. வரவே இல்ல. கபடியில அடிபட்ட எடத்துல தசைக்குள்ள எலும்பு மாதிரி கெட்டிப்பட்டது. சும்மா விட்டிருந்தா ஆறியிருக்கும். எக்ஸ்ரே பாக்காம நான் தப்பாச் சொன்னேன். காலை எடுத்திருக்க வேண்டாம்."

அப்போது ஓர் ஆள் வந்தான். "அண்ணே, ஆதார் கார்டு. ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்." நயினார் அட்டையை வாங்கினார். கண்ணாடியில் வைத்து ஒரு பக்கம் எடுத்தார். திருப்பி, தாளைத் தலைகீழாகச் செருகி, மறுபக்கம் எடுத்தார். கோணாமல் வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த ஆள் போனான்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. ஷமீமா இப்போதுதான் கண்டுபிடித்தாள் என்பது அவற்றுள் ஒன்று. பாதி உண்மையும்கூட.

"கால் என் மேசைக்கு வந்த அன்னைக்கே."

அவர் இயந்திரத்தின் மூடியை மூடினார். திறந்தார். மூடினார்.

"வருசா வருசம் கருப்பட்டி வாங்கிக்கிட்டீங்க."

"ஆமா."

"எங்கம்மை சாவுத வரைக்கும், கபடிக்கு வுட்டதுக்கு இந்தப் பாவம்னு அழுதா. தங்கச்சிக்கு மூணு எடம் வந்து, புத்துநோய்க் குடும்பம்னு கைகழுவிட்டுப் போனாவ. கடைசியில ரெண்டாந்தாரமாத் தென்காசிக்குப் போனா. எவனும் எங்க வீட்டுத் தண்ணி குடிக்கல, தெரியுமா? ஒட்டிக்கிடும்னு. நான் ஒங்கள நெனச்சி விளக்கு வச்சிருக்கேன்."

மன்னிப்பு என்ற சொல் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அவர் எனக்கு ஏதாவது தர வேண்டிவரும். போதுமான அளவு வாங்கிவிட்டேன்.

"அந்தக் காலு எங்க?"

"ஆஸ்பத்திரி வளாகத்துல புதைச்சாங்க. அந்த எடத்துல இப்ப வண்டி நிறுத்துறாங்க."

தலையை ஆட்டினார். ஒரு விலாசத்தைக் குறித்துக்கொள்பவர் போல.

கோமதி கலர்ப் பாட்டில்களோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னப்பா?"

"ஒனக்கு ஒண்ணும் இல்லையாம்ளா." பிறகு என்னிடம், வேறு குரலில்: "கத்தி வேண்டாம்ல?"

"வேண்டாம்."

"வாய்ல சொன்னாப் போதாது. எழுதிக் குடுங்க."

அவர் கடைத் தாளில், அவர் பேனாவால் எழுதினேன். 1985இல் நான் அளித்த அறிக்கை தவறு. தவறென்று அறிந்தே உறுதி செய்தேன். இந்தக் குடும்பத்தில் எலும்புப் புற்றுநோய் இல்லை. கையெழுத்திட்டேன். அவர் அதை வாங்கி நான்கு நகல் எடுத்தார். மூலத்தைத் தன் சட்டைப்பையில் வைத்து, ஒரு நகலை என்னிடம் நீட்டினார்.

"வச்சிக்கிடுங்க. ஒங்களுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

கலரைக் குடிக்கச் சொல்லவில்லை. நானும் குடிக்கவில்லை.

ஜூலை 3, புதன்

ஷமீமாவின் செய்தி: போர்டு கூடிப் பேசியது, கோமதிக்கு அறுவை இல்லை, ஆறு மாதம் கழித்து ஒரு படம் மட்டும்.

ஜூலை 5, வெள்ளி

"1123/85ஐ அந்த நாப்பதுல இருந்து எடுத்துட்டேன் மேடம். தவறுகள்னு தனியா ஒரு தொகுப்பு ஆரம்பிக்கோம், அதுல முதல் கேஸ். உங்க பேர மறைச்சிரட்டுமா?"

"எதுக்கு?"

"பசங்க ஏதாவது பேசுவாங்க."

"பேசட்டும். பேரோட போடு. பதிவேட்டுப் பக்கத்தையும் போடு. வருணனையில இருக்கிற ஒவ்வொரு சொல்லும் சரி. கடைசி வரிதான் பொய். அத அவங்க கண்டுபிடிக்கணும்."

"சுவத்துல இருக்கிறத என்ன செய்ய மேடம்?" என்றாள்.

"அது இருக்கட்டும். அது சரிதான்."

ஜூலை 8, திங்கள்

ஒன்றுமில்லை. மோட்டார் ஓடுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

செல்லக்கனி காலை எட்டு மணிக்கே பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள், கருப்பட்டிக்கு. "மழைக்கு முன்ன வந்துருவாவளா?" என்றாள். தெரியாது என்றேன். பத்து மணி. பதினொன்று. "இந்த வருசம் என்ன இன்னும் காங்கல?" மூன்றாம் முறை கேட்டபோது, எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது என்று அவளிடம் சொன்னேன். கையில் இருந்த துணியோடு நின்றாள். "அப்ப ஏன் இத்தன வருசம் திங்கல?" அவள் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்குக் கோமதி வந்தாள், தனியாக, பஸ்ஸில். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிவந்த சத்தம் கேட்டது. உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"அப்பா வரல."

"தெரியும்."

"இதக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஒங்ககிட்ட இருக்க வேண்டியதாம்."

பழுப்பு நிறப் பெரிய கவர். மூலைகள் மடிந்து, நடுவில் தண்ணீர்க் கறை. மேலே நீல மையில்: ஆறுமுகநயினார், 19, இடது தொடை.

"வேற ஏதாவது சொன்னாரா?"

யோசித்தாள். "இல்ல. கடைய ஒரு நாள் பூட்டிட்டு வீட்டுல படுத்துக் கெடந்தாங்க. அப்புறம் காலம்பற எந்திச்சி, என்ன கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஓடச் சொல்லிப் பாத்தாங்க. எட்டு ரவுண்டு. நடுவுல நிறுத்த விடல." தோளைக் குலுக்கினாள். "எனக்கு இருபத்தேழாம் தேதி டெஸ்ட்."

போய்விட்டாள். படியில் மீண்டும் அதே சத்தம், இரண்டிரண்டாக.

ஜன்னல் திரையை விலக்கிப் படத்தை வெளியே எடுத்தேன். ஓரம் மஞ்சளித்திருந்தது; மற்றபடி நல்ல படம். தொடை எலும்பு நேராக, மாசில்லாமல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு, முட்டை அளவில் ஒரு வெண்ணிற வளையம். முதலாண்டு மாணவன் தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் சொல்லியிருப்பான்.

வலது கண்ணை மூடிக்கொண்டு, புரை முற்றிய இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். அதற்கும் தெரிகிறது.